427 எஸ்/சி கோப்ரா ரெப்ளிகா: டேஷ்போர்டை 1965இல் இருந்தபடி செய்வது எப்படி?

பென்சில்வேனியா_கராஜ்

வணக்கம் நண்பர்களே. 1965ஆம் வருடத்து கோப்ரா 427 எஸ்/சி ஸ்போர்ட்ஸ் காருக்கு ரெப்ளிகா, அதாவது அசல் போலவே ஒரு நகல், கட்டிக்கொண்டிருக்கிறேன். சேஸிஸ், சஸ்பென்ஷன், பிரேக் லைன் எல்லாம் முடிந்தது. ஃபோர்டின் 351 விண்ட்சர் எஞ்சினும் உட்கார்ந்துவிட்டது. இப்போது டேஷ்போர்டில் வந்து நிற்கிறேன்.

கிட்டோடு (நகல் கார் கட்ட விற்கும் பாகத் தொகுப்பு) வந்த டேஷ், கார்பன் ஃபைபர் மாதிரி படம் அச்சடித்த தகடு. மீட்டர்களுக்கு வெள்ளை முகம், நீல எல்ஈடி வெளிச்சம். உழைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1965க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எஸ்/சி கதை இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். 427 எஞ்சின் கோப்ராவை ஜிடி பந்தயப் பிரிவில் ஓட்ட வேண்டுமானால், உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதிப்படி 100 கார் கட்டியிருக்க வேண்டும். 1965இல் சோதனைக்கு வந்தபோது கோப்ராவை உருவாக்கிய கரோல் ஷெல்பியிடம் தயாராக இருந்தது 51தான். ஒப்புதல் கிடைக்கவில்லை. விற்காமல் தேங்கிய போட்டிக் கார்களில் 31ஐச் சாலைக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றி, 'செமி காம்படிஷன்' என்று பெயர் வைத்து விற்றார்கள். அப்படியானால் உள்ளே இருப்பது பந்தயக் காரின் டேஷ்தானே? அதைத்தான் செய்ய ஆசைப்படுகிறேன்.

எந்த மீட்டர் வாங்குவது, எப்படி அடுக்குவது, தகட்டின் மேல் என்ன ஒட்டுவது, சுவிட்ச் எங்கே கிடைக்கும்? எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஸ்பானர்

தம்பி, மீட்டர் வாங்குவதற்கு முன்னால் ஒரு காரைத் தேர்ந்தெடுங்கள். 'கோப்ரா டேஷ்' என்று பொதுவாக ஒன்று கிடையவே கிடையாது. ஒரு சேஸிஸ் எண், ஒரு வருடம், முடிந்தால் ஒரு பந்தய நாள். அது கையில் இருந்தால் நீங்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் தானாகவே பதில் வந்துவிடும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தக் கார்கள் ஓரிடத்தில் ஒரே மாதிரி அச்சுவார்த்து வந்தவை இல்லை. இங்கிலாந்தில் தேம்ஸ் டிட்டனில் ஏசி கார்ஸ் உடலும் சேஸிஸும் செய்து கப்பலில் அனுப்பும். கலிஃபோர்னியாவில் ஷெல்பி ஆட்கள் எஞ்சின் ஏற்றுவார்கள். 427க்கு முந்தைய, சிறிய 289 எஞ்சின் கோப்ராக்களிலேயே முதலில் ஆங்கிலேய ஸ்மித்ஸ் மீட்டர் வந்தது, பின்னால் அமெரிக்க ஸ்டூவர்ட்-வார்னர் வந்தது. பந்தயத்துக்குப் போன காரில் மெக்கானிக் ஒரு சுவிட்சைக் கூட்டுவார், ஒன்றைக் கழற்றுவார், மீட்டர் போனால் கையில் கிடைத்ததை மாட்டுவார். ஒரே காருக்கு மார்ச்சில் ஒரு டேஷ், செப்டம்பரில் வேறு டேஷ்.

பத்து கார்களின் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றிலிருந்தும் பிடித்ததை எடுத்து ஒரு டேஷில் வைத்தால், ஒவ்வொரு பொருளும் அசலாகவே இருந்தாலும் மொத்தத்தில் அப்படி ஒரு கார் உலகத்தில் இருந்திருக்காது. ரெப்ளிகா கட்டுபவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

427 கார்களின் சேஸிஸ் எண் சிஎஸ்எக்ஸ்3001இலிருந்து போகும். ஷெல்பி அமெரிக்கன் ஆட்டோமொபைல் கிளப் வெளியிடும் பதிவேட்டில் ஒவ்வொரு காரின் வரலாறும் இருக்கிறது. அதை வைத்து ஒரு எஸ்/சியைப் பிடியுங்கள். அப்புறம் அந்தக் காரின் பழைய படங்களைத் தேடுங்கள்.

பழைய படம் என்றால் அந்தக் காலத்தில் எடுத்த படம். ஏலத்துக்காகப் புதுப்பித்த காரின் பளபளப்பான படம் வேண்டாம். புதுப்பிக்கும்போது எல்லாவற்றையும் அசலைவிட அழகாகச் செய்துவிடுகிறார்கள். ரெக்சின் ஓரம் கத்தி வைத்தது போல நேராக இருக்கும், திருகெல்லாம் ஒரே திசையில் நிற்கும். 1965இல் அப்படிச் செய்ய யாருக்கும் நேரமில்லை.

நீங்கள் பென்சில்வேனியாவில்தானே இருக்கிறீர்கள்? பிலடெல்பியாவில் சிமியோன் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நிற்பது சிஎஸ்எக்ஸ்2287, கோப்ராவை வைத்து ஷெல்பி கட்டிய கூரை மூடிய பந்தயக் கார்களான ஆறு டேடோனா கூபேக்களில் முதலாவது. அது உங்கள் கார் இல்லைதான். ஆனால் புதுப்பிக்காமல் வைத்திருக்கும் கார். ஷெல்பி கடையில் தகட்டை எப்படி வெட்டினார்கள், வயரை எப்படிக் கட்டினார்கள், எந்த இடத்தில் அவசரப்பட்டார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். முதலில் அங்கே போய்வாருங்கள்.

ஸ்லௌ_எஞ்சின்

ஸ்பானர் அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மீட்டர் பற்றி நான் சொல்கிறேன். இங்கிலாந்தில் இருந்துகொண்டு 289 எஃப்ஐஏ ரெப்ளிகா ஒன்றில் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

எஸ்/சி என்றால் ஸ்மித்ஸ். பெரியது இரண்டு: டேக்கோமீட்டர், ஸ்பீடோமீட்டர். சிறியது ஐந்து: ஆயில் பிரஷர், ஆயில் டெம்பரேச்சர், தண்ணீர் டெம்பரேச்சர், பெட்ரோல், ஆம்ப். சிறியவை 52 மி.மீ. அளவு. ஆயில் டெம்பரேச்சர் மீட்டரை விட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடும் எஞ்சினுக்குத்தான் அது தேவை, அது இருந்தாலே பந்தயக் கார் டேஷ் என்று தெரிந்துவிடும்.

அடுக்குவதிலும் அதே கணக்குதான். டேக்கோ ஓட்டுநர் கண்ணுக்கு நேராக. ஸ்பீடோ தள்ளிப்போய்ப் பயணி பக்கம். பந்தயத்தில் எந்த கியரில் எத்தனை ஆர்பிஎம் என்பதுதான் கேள்வி, மணிக்கு எத்தனை மைல் என்பது நேரம் குறிப்பவரின் கவலை. இரண்டையும் ஸ்டியரிங்குக்கு இருபுறமும் சமமாக வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் அது சாலைக் காரின் அடுக்கு.

இன்னொன்று, அந்த ஸ்பீடோவின் முள் எதிர்த்திசையில் சுற்றும். கடிகார முள் போகும் பக்கம் டேக்கோ போகும், ஸ்பீடோ அதற்கு நேர்மாறு. ரெப்ளிகா என்று பேர் வைத்துவிட்டு சாதாரண ஸ்பீடோ மாட்டியிருந்தால் தெரிந்தவர் கண் நேராக அங்கேதான் போகும்.

புதிதாக வாங்க வழி இருக்கிறது. வேல்ஸில் அபர்க்ரேவ் என்ற ஊரில் கேர்பான்ட் நிறுவனம் இன்றும் ஸ்மித்ஸ் பெயரில் மீட்டர் செய்கிறது. கோப்ராவுக்கான எதிர்ச்சுற்று ஸ்பீடோவும் கிடைக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது வெளி வளையம். கண்ணாடியை நோக்கி உள்ளே சரியும் வளையமா, வெளியே மட்டும் உருண்ட வளையமா என்று நீங்கள் தேர்ந்தெடுத்த காரின் படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வளையம் மாறினால் மீட்டரின் முகமே மாறிவிடும்.

பழைய ஸ்மித்ஸ் ஸ்பீடோ கையில் கிடைத்தால் முகத்தின் அடியில் பொடி எழுத்தில் பாருங்கள். மாடல் எண்ணும், பக்கத்தில் 1000, 1184, 1280 என்பது போல ஓர் எண்ணும் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது அந்த எண். உங்கள் கியர்பாக்ஸ், பின்சக்கர அச்சு, டயர் மூன்றும் சேர்ந்து அந்தக் கணக்குக்கு ஒத்துவராவிட்டால் ஸ்பீடோ சொல்வது பொய்யாகிவிடும்.

எங்கள் ஊரில் ஒரு தலைவலி உண்டு. கையால் கட்டிய கார் சாலைக்கு வர ஐவிஏ என்ற அரசு ஒப்புதல் சோதனையைத் தாண்ட வேண்டும். தலை மோதக்கூடிய பகுதியில் ஓரங்கள் 2.5 மி.மீ.க்குக் குறையாமல் உருண்டிருக்க வேண்டும், ஸ்பீடோ ஓட்டுநர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். 1965 டேஷும் இந்த விதியும் ஒரே இடத்தில் மோதும். அமெரிக்காவில் உங்களுக்கு அந்தக் கட்டு இல்லை, நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கோவை_லேத்

தகடு வேலை பற்றி நான் சொல்கிறேன். பழைய கார்களுக்கு டேஷ் பேனல் வெட்டித் தருவது என் தொழில்.

1.6 மி.மீ. அலுமினியம் போதும். அதைவிட மெல்லியது டாகிள் சுவிட்சை (மேலும் கீழும் தள்ளும் குச்சி சுவிட்ச்) அழுத்தும்போது வளைந்து கொடுக்கும். முதலில் அட்டையில் வெட்டி காரில் வைத்து, ஸ்டியரிங் மாட்டி, நீங்கள் ஓட்டும் நிலையில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்டியரிங் வளையம் எந்த மீட்டரை மறைக்கிறது என்று அப்போதுதான் தெரியும். கம்ப்யூட்டர் படத்தில் தெரியாது.

ஓட்டையை ஹோல் சாவில் ஒரு நூல் சின்னதாக எடுத்து, அரைவட்ட அரத்தால் மெல்ல விரித்து மீட்டர் அளவுக்குக் கொண்டுவாருங்கள். மீட்டரின் பின்னால் பிரிட்ஜ் கிளாம்ப் வரும், விரலால் திருகும் நட்டு. அதற்கு இடம் விட்டு வெட்டுங்கள், இரண்டு சின்ன மீட்டர் நெருங்கினால் கிளாம்ப் முட்டும்.

அப்புறம் ரெக்சின். கறுப்பு, மங்கலான வகை, மேற்பரப்பு பொடி ரவை போல. தகட்டின் மேல் நேரடியாக ஒட்ட வேண்டும். இடையில் ஸ்பான்ஜ் வைக்கவே கூடாது. ஸ்பான்ஜ் வைத்தால் மீட்டர் வளையத்தைச் சுற்றி மெத்தை போல உப்பும், பார்த்த மாத்திரத்தில் இந்தக் காலத்து வேலை என்று தெரிந்துவிடும்.

பசை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவு காய்ந்தபின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டு போங்கள். மீட்டர் ஓட்டை மேல் வரும் ரெக்சினை நடுவிலிருந்து நட்சத்திரம் போலக் கீறி, ஒவ்வொரு இதழையும் பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள். கீறலை ஓட்டை ஓரம் வரை கொண்டுபோகாமல் ஒரு சோற்றுப் பருக்கை அளவு முன்னால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வளையத்துக்கு வெளியே கிழிசல் தெரியும். டாகிள் சுவிட்சுக்கு மட்டும் மடிக்க வேண்டாம், ரெக்சின் மேலேயே துளைத்து நட்டைப் போட்டு இறுக்குங்கள். வளைவில் ரெக்சின் சுருங்கினால் ஹாட் ஏர் கன் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் காட்டினால் படியும்.

தகட்டைக் காரோடு பிடிக்கும் திருகு வெளியே தெரியட்டும். மறைக்க வேண்டாம்.

பென்சில்வேனியா_கராஜ்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

லேத் அண்ணா, பருக்கை அளவு விஷயத்தை எழுதி ஒட்டிவிட்டேன். ஸ்பானர் சார், சிமியோனுக்குக் கட்டாயம் போகிறேன்.

ஒரு சந்தேகம். டேஷைப் புதிதாகச் செய்தால் புதிது மாதிரிதானே இருக்கும்? 60 வருடக் கார் போலத் தெரிய ரெக்சினைக் கொஞ்சம் தேய்த்து, மீட்டர் வளையத்தை மங்கடித்து, சுவிட்ச் முனையின் நிக்கலை உரித்தால் என்ன? அப்படிச் செய்த கார் ஒன்றைப் பார்த்தேன், அசத்தலாக இருந்தது.

துருவும்_அழகே

தாராளமாகச் செய்யுங்கள். நான் அதற்கு ஆதரவு. பழைய காரில் உட்காரும்போது மனதைத் தொடுவது அந்தத் தேய்மானம்தான். யார் யாரோ கை வைத்த இடம் என்ற உணர்வு வரும். புத்தம் புது ரெக்சினில் அது எங்கிருந்து வரும்? ஸ்டீல் வுல், மங்கிய மெழுகு, டீ டிகாக்‌ஷன் எல்லாம் வைத்து அழகாகச் செய்யலாம். கை எங்கே படும் என்று யோசித்து அங்கே மட்டும் தேய்க்க வேண்டும். சுவிட்ச் முனை, ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் உரசும் ஓரம், கதவுப் பக்க மூலை. மற்ற இடத்தைத் தொடக்கூடாது.

பழைய_ஸ்பானர்

இதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தம்பி கேட்டது 1965 டேஷ். 1965இல் அந்தக் கார் புதுசு. ரெக்சினில் பசை வாசம் போயிருக்காது. மீட்டர் வளையத்தில் கீறல் இருக்காது. 60 வருடத் தேய்மானம் வேண்டுமானால் அது 2025இல் நிற்கும் காரின் டேஷ். அதுவும் செய்யத் தக்கதுதான், ஆனால் அது வேறு வேலை. அந்த 60 வருடத்தை யாரோ ஓட்டித் தேய்த்திருக்கிறார்கள். நாம் அதை மேஜையில் வைத்து ஒரே மாலையில் தேய்ப்பது எனக்கு ஒப்பவில்லை.

கையால் செய்த வேலை என்பது வேறு, தேய்ந்த வேலை என்பது வேறு. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். அந்தக் காலத்துப் படத்தில் நம்மை ஈர்ப்பது பெரும்பாலும் முதலாவதுதான். ரெக்சின் மடிப்பு ஓரிடத்தில் தடித்திருக்கும், இரண்டு டாகிளுக்கு நடுவே இடைவெளி சமமாக இருக்காது, வயர் கட்டு டேஷுக்குக் கீழே கொஞ்சம் தொங்கும். கையால் நேர்மையாகச் செய்தாலே இவை தானாக வரும். பிறகு நீங்கள் ஓட்டுங்கள். உங்கள் முழங்கால் உரசி உங்கள் ரெக்சின் தேயட்டும்.

துருவும்_அழகே

அண்ணா, மதிக்கிறேன். ஆனால் ரெப்ளிகா என்பதே இல்லாத ஒரு வரலாற்றைக் கண்முன் நிறுத்துவதுதானே? சேஸிஸ், உடல், எஞ்சின் எதுவும் அசல் இல்லாத காரில் தேய்மானம் மட்டும் அசலாக இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமா? பார்ப்பவர் மனதில் ஒரு நொடி அந்தக் காலம் வந்து போனால் எனக்குப் போதும். விற்கும்போது ரெப்ளிகா என்று சொல்லி விற்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

மாரனெல்லோ_ரசிகை

ஸ்பானர் அண்ணா சொன்ன 'கையில் கிடைத்ததை மாட்டுவார்கள்' என்பதற்கு எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று. என் கணவரும் நானும் டாட்சன் 260இசட் அடித்தளத்தில் ஃபெராரி 250 ஜிடிஓ ரெப்ளிகா செய்கிறோம்.

1962 முதல் 1964 வரை மொத்தம் 36 ஜிடிஓதான் கட்டினார்கள். இன்று உலகின் மிக விலையுயர்ந்த கார்களில் ஒன்று. அதன் டேஷில் ஸ்பீடோமீட்டரே கிடையாது. சுவிட்சுகளில் பல ஃபியட் 500இலிருந்து எடுத்தவை! இத்தாலியில் குடும்பங்கள் ஓட்டிய அந்தக் குட்டிக் காரின் அதே சுவிட்ச். மீட்டர்கள் வெலியா நிறுவனத்துடையவை. சீட்டுக்கு நீலத் துணி.

ரெப்ளிகா செய்பவர்கள் பலர் இந்த இடத்தில் ஃபெராரி என்ற பெயருக்கு மயங்கிப் பளபளக்கும் அலுமினிய சுவிட்ச், தைத்த தோல், குதிரைச் சின்னம் என்று நிரப்பிவிடுகிறார்கள். நாங்கள் பழைய ஃபியட் 500 சுவிட்சுகளைத் தேடி வாங்கினோம், புது சுவிட்சைவிட மலிவு. கோப்ராவிலும் அப்படித்தானே? லூகாஸ் சுவிட்சுகள் அந்தக் காலத்து ஆங்கிலேய சாதாரணக் கார்களிலும் இருந்தவைதான். விலை அதிகம் என்றால் அது சரியான பொருள் என்று நினைத்துவிடாதீர்கள்.

தேய்மான விவாதத்தில் நான் ஸ்பானர் அண்ணா பக்கம்.

வயர்மேன்

எல்லோரும் முன்பக்கத்தையே பார்க்கிறீர்கள். பின்பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். தீப்பிடிக்கக்கூடிய விஷயம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஆம்ப் மீட்டர். பழைய வகை 30-0-30 மீட்டரில் காரின் மொத்தக் கரண்டும் அந்த மீட்டர் வழியாகவே போகும். அந்தக் காலத்து ஜெனரேட்டர் கொடுத்த கரண்டுக்கு அது தாங்கியது. இன்று 351க்கு நீங்கள் மாட்டுவது 100 ஆம்ப் தரும் ஆல்டர்னேட்டராக இருக்கும். அதை அந்த மீட்டர் வழியாக விட்டால் டேஷுக்குப் பின்னால் முனை சூடாகி வயர் உருகும். ஷன்ட் (பெரும்பகுதிக் கரண்டுக்கு மாற்று வழி தரும் சிறு மின்தடை) போட்டு, மீட்டருக்குச் சிறு பங்கு மட்டும் போகும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வோல்ட் மீட்டர் வைத்து முன்னால் ஆம்ப் முகம் ஒட்டித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். என் கணக்கில் ஷன்ட்தான் நேர்மை.

பெட்ரோல் மீட்டர். டேங்க்கில் பெட்ரோல் அளவை உணர்ந்து அனுப்பும் சென்டரும் (sender) மீட்டரும் ஒரே ஓம் கணக்கில் இருக்க வேண்டும். உங்கள் கிட் 1987க்குப் பிந்தைய மஸ்டாங் டேங்க் கேட்கும் வகையாக இருந்தால் அந்த சென்டர் 16இலிருந்து 158 ஓம். காலி என்றால் 16, நிறைவு என்றால் 158. ஸ்டூவர்ட்-வார்னர் வகை மீட்டருக்குக் காலி 240, நிறைவு 33. பாருங்கள், திசையே தலைகீழ். அப்படியே இணைத்தால் டேங்க் நிறைந்திருக்கும்போது மீட்டர் பாதிக்கும் கீழே காட்டும், காலியாகக் காலியாக முள் மேலே ஏறும். மீட்டருக்குப் பொருந்தும் சென்டரை வாங்கி டேங்க்கில் மாட்டுவதே சுத்தம்.

ஸ்மித்ஸின் பெட்ரோல், டெம்பரேச்சர் மீட்டர்களில் முள் மெதுவாக எழும்பும் ஒரு வகை உண்டு. அதற்கு உள்ளே இரட்டை உலோகப் பட்டை சூடாகி வளைய வேண்டும். அந்த வகைக்குச் சராசரி 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் கட்டாயம். அது இல்லாமல் நேராக 12 வோல்ட் கொடுத்தால் எல்லாமே கூடுதலாகக் காட்டும், ஓட்டும்போது எஞ்சின் கொதிக்கிறது என்று வீணாகப் பயப்படுவீர்கள்.

பழைய ஸ்மித்ஸ் டேக்கோ வாங்கினால் முகத்தில் ஆர்விஐ என்று இருக்கிறதா பாருங்கள். அது காயிலுக்குப் போகும் வயர் கரண்டை எண்ணி வேலை செய்வது. எலெக்ட்ரானிக் இக்னிஷனோடு அது ஒத்துப்போகாமல் முள் குதிக்கும், அல்லது செத்துக் கிடக்கும். முகம், முள், கூடு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் புது சர்க்யூட் போட்டுத் தருவார்கள். வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஆயில் பிரஷருக்கு எலெக்ட்ரிக் மீட்டர் வேண்டாம். குழாய் வழியாக ஆயில் நேராக மீட்டருக்கு வரும் பழைய வகைதான் சரி. ஸ்டார்ட் செய்ததும் முள் துள்ளி எழுவதைப் பாருங்கள், எஞ்சின் பேசுவது அப்படியே தெரியும். ஆனால் பிளாஸ்டிக் குழாய் போடாதீர்கள். அது வெடித்தால் சூடான ஆயில் உங்கள் தொடையில்தான் கொட்டும். ஸ்டீல் பின்னல் போட்ட மூன்றாம் நம்பர் ஹோஸ் போட்டு, ஃபயர்வால் துளையில் ரப்பர் வளையம் வையுங்கள்.

கடைசியாக வெளிச்சம். இது பலர் கவனிக்காத இடம். இன்றைய மீட்டரில் எண்கள் தாமாக ஒளிரும், பின்னாலிருந்து வெளிச்சம் வரும். பழைய ஸ்மித்ஸில் வெளிச்சம் முகத்தின் ஓரத்திலிருந்து வழியும். உள்ளே பச்சை கலந்த நீல வடிகட்டி. 987 என்ற எண்ணுள்ள 2.2 வாட் திருகு பல்பு. முகத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் வெளிச்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் இருட்டு. வெள்ளை எல்ஈடி போட்டால் பகலில் செய்த அத்தனை வேலையும் இரவில் வீண்.

புதுமுகம்_மலேசியா

படித்துக்கொண்டே வந்தேன், அருமை. ஒரு கேள்வி கேட்கலாமா? ஜிபிஎஸ் ஸ்பீடோ, டிஜிட்டல் டேஷ் எல்லாம் இருக்கும்போது சரியாகவும் காட்டும், பாதுகாப்பாகவும் இருக்குமே. ஏன் இவ்வளவு சிரமம்?

ஸ்லௌ_எஞ்சின்

இரண்டும் சேர்த்தே கிடைக்கும் நண்பரே. எதிர்ச்சுற்று ஸ்பீடோவில் எலெக்ட்ரானிக் வகை வாங்கி, பின்னால் ஜிபிஎஸ் பெட்டியை மறைத்து வைக்கலாம். ஃபோர்டு கியர்பாக்ஸில் வேக சென்சார் இருந்தால் அது மைலுக்கு 8000 துடிப்பு கொடுக்கும், அதையும் மீட்டருக்குச் சொல்லித் தரலாம். முன்னால் 1965, பின்னால் இன்று. அபாய விளக்கு சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி, போன் சார்ஜர் எல்லாவற்றையும் டேஷுக்கு அடியில் ஒரு சின்னப் பட்டையில் வைத்துவிட்டால் உட்கார்ந்தவர் கண்ணில் படாது, கைக்கு மட்டும் எட்டும்.

சிரமம் ஏன் என்றால், உடலும் சக்கரமும் காருக்கு வெளியே நிற்பவர்களுக்கு. ஓட்டுபவர் பார்ப்பது டேஷை மட்டும்தான்.

பென்சில்வேனியா_கராஜ்

வயர்மேன் சார், நீங்கள் சொன்ன 16-158 சென்டர்தான் என்னுடையது. மாற்றப்போகிறேன். ஆம்ப் மீட்டருக்கு ஷன்ட் என்று முடிவு.

தேய்மானம் வேண்டாம் என்றும் முடிவு செய்துவிட்டேன். துருவும்_அழகே நண்பரின் வாதம் மனதில் நிற்கிறது, ஆனால் நான் முதலில் கேட்டது 1965தான்.

இன்னும் இரண்டு கேள்வி. ஷெல்பி கையெழுத்துப் போட்ட கையுறைப்பெட்டி மூடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கி மாட்டலாமா? சுவிட்சுகளுக்குப் பெயர் எழுதலாமா?

பழைய_ஸ்பானர்

கையெழுத்தை வாங்குங்கள், டேஷில் மாட்டாதீர்கள். 1990இல் இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தபின் ஷெல்பி குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அதற்கு நன்கொடை கொடுத்தவர்களுக்கு இப்படிப் பல மூடிகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 2012இல் அவர் மறைந்தார். அந்தக் கையெழுத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது, பின்னால் ஒரு நல்ல காரியம் இருக்கிறது. ஆனால் அது பின்னாளில் போட்டது, 1965 காரில் இல்லை. கராஜ் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டுங்கள்.

அதேபோல '1965 உலக சாம்பியன்' என்று பித்தளைத் தகடு ஒட்டுகிறார்கள் சிலர். அந்த ஜிடி பட்டம் 1965 ஜூலை 4இல் பிரான்சின் ரீம்ஸில் உறுதியானது, வாங்கித் தந்தவை 289 எஞ்சின் டேடோனா கூபேக்களும் ரோட்ஸ்டர்களும். 427க்கு அதில் பங்கில்லை. ஒப்புதல் கிடைக்காத கதையை நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள்.

பெயர் எழுதுவது பற்றி: உங்கள் காரின் படத்தில் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம். எழுதுவதானால் டைமோ பட்டை. கையால் அழுத்தி வெள்ளை எழுத்து எழும்பும் அந்தப் பிளாஸ்டிக் பட்டை 1958இலேயே வந்துவிட்டது, காலத்துக்குப் பொருந்தும். லேசர் வெட்டிய எழுத்து பொருந்தாது.

கோவை_லேத்

ஒரு சின்னது விட்டுப்போனது. பின்பார்வைக் கண்ணாடி இந்தக் காரில் டேஷ் மேல்பகுதியில்தான் நிற்கும், விண்ட்ஸ்கிரீனில் இல்லை. அதன் அடித்தளத் துளையை ரெக்சின் ஒட்டுவதற்கு முன்பே குறித்துவிடுங்கள். பிறகு துளைத்தால் டிரில் முனை ரெக்சினைச் சுற்றி இழுத்துவிடும்.

பென்சில்வேனியா_கராஜ்

குறித்துக்கொண்டேன் அண்ணா.

அக்டோபரில் ஹெர்ஷியில் பழைய கார் சந்தை வருகிறது, எனக்கு வண்டியில் போகும் தூரம்தான். லூகாஸ் டாகிள்களை அங்கே தேடலாம் என்று இருக்கிறேன். பழைய சுவிட்ச் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

வயர்மேன்

மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். சுவிட்சை ஆன் செய்து ஓம் பாருங்கள், பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். ஆன் நிலையிலேயே முனையை விரலால் மெல்ல ஆட்டுங்கள். எண் குதித்தால் உள்ளே தகடு தேய்ந்திருக்கிறது, வைத்துவிடுங்கள். பின்பக்கத்துப் பழுப்பு பேக்லைட்டில் முடி போல விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்க வளைய நட்டு கூடவே இருக்க வேண்டும், தனியாகத் தேடினால் லேசில் கிடைக்காது. நல்லதாக இருந்தால் தேவைக்கு மேல் இரண்டு வாங்கி வையுங்கள். ஹெட்லைட்டை மட்டும் அந்த சுவிட்ச் வழியாக நேராக விடாதீர்கள், ரிலே போட்டு விடுங்கள்.